வாய்க்கு முதலில், நோட்டுக்கு அப்புறம்

2021 செப்டம்பர் 1ஆம் தேதி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பள்ளிகள் மறுபடி திறந்தன. சாத்தூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு தமிழ் வழிப் பிரிவுக்கு நான் ஆங்கிலம் எடுக்கிறேன். அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதற்கு முன் ஒழுங்காக வகுப்பில் உட்கார்ந்தது ஏழாம் வகுப்பில். நடுவில் ஒன்றரை வருடம் போய்விட்டது. சிலர் வீட்டில் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். சிலர் ஆடு மேய்த்திருந்தார்கள். எல்லோருமே போன் பார்த்திருந்தார்கள்.

"வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?" என்று கேட்டேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதுதான் கேள்வி. இட்லி என்று ஒரு சொல் சொன்னால் போதும். முப்பத்தெட்டுப் பேரும் பெஞ்சைப் பார்த்தார்கள். கேள்வி புரியாமல் இல்லை, புரிந்தது. வாயைத் திறக்கப் பயம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மதியம், தண்ணீர்க் குழாய் அருகே வரிசையில் நின்ற ஒரு பையன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காது கொடுத்துக் கேட்டால் பாபி மெக்ஃபெரின் 1988இல் பாடிய 'டோன்ட் வொரி, பி ஹேப்பி'. ஏதோ வீடியோவின் பின்னணியில் கேட்டிருக்கிறான். அதே பையன் காலையில் பாடம் வாசித்தபோது 'டோன்ட்டு' என்றுதான் வாசித்தான். குழாயடியில் அவன் வாயில் அந்தக் கடைசி 'உ' இல்லை. டகரத்தில் சட்டென்று நின்றது.

அதைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்த 'உ'வோடு நான் பன்னிரண்டு வருடமாகப் போராடியிருக்கிறேன். நம் பிள்ளைகள் 'புக்கு', 'லைக்கு', 'வான்ட்டு' என்று சொல்வது சோம்பேறித்தனம் இல்லை. தமிழில் வல்லின மெய் எதுவும் சொல்லின் கடைசியில் வராது. க், ச், ட், த், ப், ற் ஆறில் எதை எடுத்தாலும் பின்னால் ஓர் உயிர் வந்துதான் ஆக வேண்டும். நாடு, காது, பாக்கு எல்லாம் அப்படித்தான். குற்றியலுகரத்திலேயே பிறந்து வளர்ந்த நாக்குக்கு 'டோன்ட்' என்று முடிப்பது ஓடுகிற ஓட்டத்தில் திடீரென்று நிற்பதைப் போல. எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த வரியில் 'உ' வந்துவிடும். பாட்டில் மட்டும் ஏன் வரவில்லை? மெட்டில் அதற்கு இடமே இல்லை. அடுத்த தாளத்துக்குள் அடுத்த சொல் வந்தாக வேண்டும், கூடுதலாக ஓர் அசை போட நேரம் கிடையாது. நான் வாயால் சொல்லித் திருத்த முடியாததை மெட்டு திருத்திவிட்டது.

மறுநாள் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வகுப்புக்குப் போனேன்.

அந்தப் பாட்டில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. வேகம் குறைவு, நான்கே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இசைக்கருவியே கிடையாது, எல்லாச் சத்தமும் அவர் வாயிலிருந்தும் உடம்பிலிருந்தும் வருவதுதான். அதனால் சொற்கள் எதற்குள்ளும் மூழ்கிப்போவதில்லை. அப்போது எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். அதுவும் ஒரு வகையில் உதவியது. யார் வாய் அசைகிறது, யார் சும்மா இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியவில்லை. துணிக்குப் பின்னால் முப்பத்தெட்டு வாயும் அசையத் தொடங்கின. இரண்டாவது வாரம் ஜன்னல் வழியாகப் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்தது.

இரண்டு மாதத்தில் நான்கு பாட்டு ஆயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நவம்பரில் ஒரு நாள் அரையாண்டுத் தேர்வு பற்றிப் பேச்சு வந்தபோது, "ஆர் யூ வொரீட் அபௌட் த எக்ஸாம்?" என்று சாதாரணமாகக் கேட்டேன். மறுபடி முப்பத்தெட்டுப் பேரும் பெஞ்சைப் பார்த்தார்கள். 'வொரி' என்ற சொல்லை இரண்டு மாதத்தில் நூறு தடவைக்கு மேல் பாடியவர்கள் அவர்கள். அதையே நான் கேள்வியாகக் கேட்டபோது "எஸ்" என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டு வந்திருந்தது, மொழி வரவில்லை. பஜனைப் பாடலில் சமஸ்கிருத வரிகளை அர்த்தம் தெரியாமலே பிசிறில்லாமல் பாடுகிறோமே, அதே நிலைமை. பாட்டு வாயைப் பழக்குகிறது, அது உண்மை. ஆனால் பழகிய வாயிலிருந்து சொந்த வாக்கியம் தானாக வந்துவிடாது. பாட்டின் வரிக்கும் பிள்ளையின் வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு வேண்டும், அதை ஆசிரியர்தான் கட்ட வேண்டும். பாட்டு வைத்து ஆங்கிலம் சொல்லித்தருகிற பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் விட்டேன்.

அந்தப் படிக்கட்டை எப்படிக் கட்டினேன் என்பதை மழைப் பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்கக் குழுவின் 'ஹேவ் யூ எவர் ஸீன் த ரெய்ன்' 1971இல் தனிப்பாட்டாக வெளிவந்தது. வெயில் அடிக்கிற நாளில் பெய்கிற மழையை எப்போதாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்கும் பாட்டு. குழு புகழின் உச்சியில் இருந்தபோதே உள்ளுக்குள் மனக்கசப்பு இருந்தது, அந்த வெயில் மழை அதுதான் என்று எழுதிப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார். நான் பிள்ளைகளிடம் அங்கிருந்து தொடங்கவில்லை. "வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் என்ன?" என்றேன். "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. சரி, இப்போது பாட்டைக் கேளுங்கள் என்றேன்.

முதல் தடவை கையில் தாள் கிடையாது, பேனா கிடையாது, சும்மா கேட்க வேண்டும். இரண்டாவது தடவை தலைப்பு வரி வரும்போது மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எத்தனை தடவை தட்டினோம் என்பதில் சண்டையே வந்தது, அதனால் மூன்றாவது தடவையும் கேட்டோம். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரியைப் பலகையில் எழுதினேன். மொத்தப் பாட்டையும் எழுதவில்லை. ஒரு பாட்டிலிருந்து ஒரு வரி போதும். முழுப்பாட்டையும் பாடமாக்கினால் அது இன்னொரு மெமரி போயம் ஆகிவிடும், பிள்ளைகளுக்கு அதன் மேல் இருந்த ஆசையும் போய்விடும்.

இனி இலக்கணம். 'ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட்' என்ற பேரைச் சொன்னாலே பிள்ளைகள் முகம் சுருங்கும். பேரைச் சொல்லாமல் "பார்த்தாயா, பார்த்திருக்கிறாயா, ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டேன். "இல்லை டீச்சர்" என்றார்கள். "நேத்து மேட்ச் பார்த்தியா?" என்று கேட்போம். "கடல் பார்த்திருக்கியா?" என்று கேட்போம். "நேத்து கடல் பார்த்திருக்கியா?" என்று யாராவது கேட்டால் காதில் உறுத்தும். இந்த வித்தியாசத்தை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தாய்ப்பாலோடு வந்தது. 'பார்த்திருக்கிறேன்' என்பதில் வருகிற 'இரு' செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'ஹேவ்' செய்கிறது. இதை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார்கள். நான் பழைய வருடங்களில் கடந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்தோடு தொடர்புடைய செயல் என்று விளக்கம் எழுதிப் போட்டு, மூன்று வாரம் நடத்தியும் புரியாமல் போன பாடம் இது. இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு உள்ளே நுழைய ஒரு வாசல் கிடைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

அப்புறம் படிக்கட்டு. பலகையில் இருந்த வரியில் 'த ரெய்ன்' என்பதை மட்டும் அழித்தேன். அந்த இடத்தில் உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள், மெட்டு மாறக்கூடாது என்றேன். 'ஹேவ் யூ எவர் ஸீன் எ ட்ரெய்ன்?' என்று ஒருவன் பாடினான். ரெய்னுக்கு ட்ரெய்ன், எதுகைகூடச் சரியாக விழுந்துவிட்டது. 'ஹேவ் யூ எவர் ஸீன் எ கோஸ்ட்?' என்றாள் ஒருத்தி. பேய் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? "எஸ்! ஐ ஹேவ்!" என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. அதுதான் அந்த வருடத்தில் நான் கேட்காமலே ஒரு பிள்ளை எழுந்து சொன்ன முதல் ஆங்கில வாக்கியம்.

அடுத்த படியில் மெட்டை எடுத்துவிட்டேன். அதே கேள்வியைப் பாடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சாகக் கேட்க வேண்டும். அதற்கும் அடுத்த படியில் வினைச்சொல்லை மாற்ற வேண்டும். 'ஸீன்' இருந்த இடத்தில் 'ஈட்டன்', 'ரிட்டன்', 'பீன் டு'. இங்கேதான் 'ஐ ஹேவ் ஸா' என்று சொல்லும் பழைய தவறு தானாகக் குறைவதைப் பார்த்தேன். 'ஹேவ்' என்றதும் 'ஸீன்' என்று பாட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதால், 'ஹேவ் ஸா' அவர்கள் காதுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இலக்கணப் புத்தகத்தில் மூன்று பத்தியாக அடித்து மனப்பாடம் பண்ணியதை விட இது நின்றது.

கடைசிப் படி உண்மையான கேள்வி. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண்ணிடம் "ஹேவ் யூ எவர் ஸீன் த ஸீ?" என்று கேட்டார்கள். "நோ, ஐ ஹேவ் நெவர் ஸீன் த ஸீ" என்றாள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் தூத்துக்குடி. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. அப்புறம் இன்னொருத்தி சொன்னாள், "ஐ ஹேவ் நெவர் ஸீன் த ஸீ டூ, டீச்சர்." கடைசியில் 'டூ' வராது, 'ஈதர்' வர வேண்டும். அன்றைக்கு நான் திருத்தவில்லை, மறுநாள் சொன்னேன். கடல் பார்த்தவர்களிடம் "வென் டிட் யூ ஸீ இட்?" என்று கேட்கச் சொன்னேன். எப்போது என்று கேட்டவுடன் 'ஹேவ்' காணாமல் போய் 'ஸா' வந்துவிடுகிறது. "ஐ ஸா இட் இன் திருச்செந்தூர், இன் ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட்." பெர்ஃபெக்ட்டும் பாஸ்ட்டும் சேர்ந்து வருகிற இந்த இரண்டு கேள்வி இருந்தால் யாரோடும் ஐந்து நிமிடம் பேசலாம். முதல் கேள்விக்கு 'எஸ்' என்று வந்தால் இரண்டாவது கேள்வி. அவ்வளவுதான்.

இந்த வரிசையை நான் இன்றைக்கும் மாற்றவில்லை. பாட்டு, ஒரு வரி, ஒரு சொல் மாற்றம், மெட்டு இல்லாமல், வினைச்சொல் மாற்றம், உண்மையான கேள்வி. ஒரு பாட்டுக்கு இரண்டு வாரம், வாரத்தில் இரண்டு நாள், பீரியடின் கடைசிப் பதினைந்து நிமிடம். மூன்றாவது வாரம் இழுத்தால் சலித்துவிடும்.

எங்கள் தலைமை ஆசிரியருக்கு இதில் முதலில் சம்மதம் இல்லை. பக்கத்து வகுப்பில் கணக்கு நடக்கிறது, இங்கே பாட்டு. அவர் கவலை நியாயமானது. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தேன், மதியத்துக்கு மேல் உள்ள பீரியடுக்கு மாற்றிக்கொண்டேன். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வையும் அவருக்குச் சொன்னேன். அறுபது பேருக்கு ஹங்கேரிய மொழித் தொடர்களைப் பதினைந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழு கேட்டதைச் சாதாரணமாகத் திருப்பிச் சொன்னது, ஒரு குழு தாளத்தோடு சொன்னது, ஒரு குழு பாடியது. பிறகு சோதித்தபோது பாடிய குழுதான் அந்தத் தொடர்களை நன்றாகச் சொன்னது. அவர் இதைக் கேட்டு ஒப்புக்கொண்டாரா, இல்லை மழைப் பாட்டை வராந்தாவில் நின்று கேட்டதால் ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. இப்போது எங்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அவரே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்.

பியான்சே 2008இல் பாடிய 'இஃப் ஐ வெர் எ பாய்' பாட்டை எடுக்க எனக்கு ஒரு வருடம் தயக்கம் இருந்தது. இலக்கணம் கடினம், பாட்டின் பொருளும் பெரியவர்களுடையது. தலைப்பு வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் ஒரு பையனாக இருந்தால். 'ஐ'க்குப் பின்னால் 'வாஸ்' தானே வரும், ஏன் 'வெர்' என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சொல்லும்போது ஆங்கிலம் எல்லோருக்கும் 'வெர்' போட்டுவிடுகிறது. 'வாஸ்' என்று பாடுகிற பாட்டுகளும் உண்டு, பேச்சில் நிறைய உண்டு, பரீட்சையில் 'வெர்' எழுதுங்கள் என்றேன். "நடக்காததுக்கு எதுக்கு டீச்சர் பாஸ்ட் டென்ஸ்?" என்று அடுத்த கேள்வி வந்தது. தமிழைக் காட்டினேன். 'நாளைக்கு மழை வந்தால்' என்கிறோம். நாளை என்பது எதிர்காலம், ஆனால் 'வந்தால்' என்பதற்குள் இருப்பது 'வந்த்'. வந்தான், வந்தாள் என்பதில் உள்ள அதே இறந்தகால வடிவம். பார்த்தால், இருந்தால், கேட்டால் எல்லாமே அப்படி. ஒரு வினை இறந்தகால உருவத்தில் இருப்பதால் அது நேற்று நடந்தது என்று ஆகிவிடாது. நம் மொழி இதைத் தினமும் செய்கிறது. வகுப்பில் ஒரு "ஓ" கேட்டது. ஒரு வித்தியாசத்தை மட்டும் எச்சரித்தேன். தமிழில் நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் அதே 'ஆல்' போதும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் 'இஃப்' வாக்கியத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்புறம் எழுதச் சொன்னேன். பெண் பிள்ளைகள் 'இஃப் ஐ வெர் எ பாய்' என்று தொடங்க வேண்டும், பையன்கள் 'இஃப் ஐ வெர் எ கேர்ள்'. பேர் எழுத வேண்டாம் என்று சொல்லி, சீட்டாக வாங்கினேன். ஒரு சீட்டில் 'ஐ வுட் ஸிட் இன் த டீ ஷாப்' என்று இருந்தது. டீக்கடையில் உட்காருவேன். ஒன்றில் 'ஐ வுட் நாட் வாஷ் மை பிரதர்ஸ் ப்ளேட்'. தம்பி சாப்பிட்ட தட்டை நான் கழுவ மாட்டேன். இன்னொன்றில் 'ஐ வுட் ஸ்டடி இன் மதுரை'. ஒரு பையன் எழுதியிருந்தது: 'நோபடி வுட் கால் மீ டு லோட் த லாரி.' என்னை யாரும் லாரியில் லோடு ஏற்றக் கூப்பிட மாட்டார்கள். சனி, ஞாயிறு லோடு ஏற்றப் போகிற பிள்ளைகள் அந்த வகுப்பில் நான்கைந்து பேர் உண்டு.

ஒவ்வொரு சீட்டாக நான் படித்தேன், வகுப்பு திருப்பிச் சொன்னது. எழுதிய பிள்ளைகள் தங்கள் வாக்கியத்தை முப்பத்தெட்டு வாய் சேர்ந்து சொல்வதைக் கேட்டார்கள். அந்த மணி நேரத்தில் 'வுட்' எங்கே வரும், 'வில்' எங்கே வரும் என்று நான் ஒரு தடவைகூட விளக்கவில்லை. சொல்வதற்கு உள்ளே ஒன்று இருக்கும்போது பிள்ளைகள் இலக்கணத்தை எட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த ஆண்டு முழுக்க இஃப் வாக்கியத்தில் யாராவது தடுமாறினால் "டீ ஷாப்" என்று ஒரு சொல் சொல்வேன், சரிசெய்துகொள்வார்கள்.

சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் வாக்கியங்களுக்கு. 1987 ஆல்பத்தில் இருக்கிற அந்தப் பாட்டில் இசைக்கருவியே இல்லை, தனிக்குரல். ஒரு கடையில் உட்கார்ந்து கண்ணில் படுவதை எல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். பாட்டைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 முறையை உருவாக்கிய ஜெர்மானியப் பொறியாளர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், மனிதக் குரல் சிதையாமல் வருகிறதா என்று சோதிக்க இந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும். பின்பாதியில் ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாத வரி ஒன்று உண்டு, முன்பாதியோடு நிறுத்திவிடுவேன். பிறகு வீட்டுப்பாடம்: பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு எதிரே ஐந்து நிமிடம் நில்லுங்கள், பார்த்ததைச் சொல்லி வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். 'எ மேன் இஸ் ரீடிங் த நியூஸ்பேப்பர். த மாஸ்டர் இஸ் மேக்கிங் டீ. த பஸ் இஸ் நாட் கமிங்.' அப்பாவின் போனில் பதிவுசெய்து அனுப்புவார்கள், பின்னணியில் உண்மையான பஸ் ஹார்ன் கேட்கும். வாய்ஸ் நோட்டில் ஒரு நன்மை, அனுப்புவதற்கு முன் நான்கு தடவை அழித்து அழித்துப் பேசிப் பார்ப்பார்கள். அந்த நான்கு தடவையும் பயிற்சிதானே.

'கே செரா செரா' எங்கள் வகுப்பில் எதிர்பாராத இடத்துக்குப் போனது. 1956இல் ஹிட்ச்காக் படத்துக்காக டோரிஸ் டே பாடியது, ஆஸ்கர் வாங்கியது. சின்னப் பெண் அம்மாவிடம் நான் என்ன ஆவேன் என்று கேட்கிறாள். இறந்தகாலத்தில் கதை, எதிர்காலத்தில் கேள்வி. இரண்டு பேர் மாறி மாறிப் பேச அருமையான அமைப்பு. மறுநாள் ஒரு பெண் ஓடிவந்து, "டீச்சர், எங்க ஆச்சி இதைத் தமிழ்ல பாடுது" என்றாள். உண்மைதான். 1957இல் வந்த ஆரவல்லி படத்தில் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று அதே மெட்டில் தமிழ்ப் பாட்டு உண்டு. ஆச்சி தமிழில், பேத்தி ஆங்கிலத்தில், வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் மாறி மாறிப் பாடியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆச்சி பேத்தியின் ஆங்கில வீட்டுப்பாடத்தில் பங்கெடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

பாட்டு ஆங்கிலம் பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். 'கோனா', 'வானா', 'ஏன்ட்' எல்லாம் வருகிறதே. பீட்டில்ஸ் 1963இல் 'ஷி லவ்ஸ் யூ' என்று 'எஸ்' போட்டு அழகாகப் பாடிய அதே குழு, 1965இல் 'டிக்கெட் டு ரைட்' பாட்டில் 'ஷி டஸன்ட்' வர வேண்டிய இடத்தில் 'ஷி டோன்ட்' என்று பாடுகிறது. பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போகும். இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'போறேன்' என்று பேசி 'போகிறேன்' என்று எழுதுகிற பிள்ளை அது. பேச்சு வேறு, எழுத்து வேறு என்று யாரும் அதற்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'கோயிங் டு' என்பது 'போகிறேன்' மாதிரி, 'கோனா' என்பது 'போறேன்' மாதிரி. அவ்வளவுதான் விளக்கம். நோட்டில் நடுக்கோடு போட்டு, இடது பக்கம் பாட்டில் கேட்டது, வலது பக்கம் பரீட்சைக்கு எழுதுவது. கேட்டால் புரிய வேண்டும் என்பதற்காக இடது பக்கமும் முக்கியம். நேர்முகத் தேர்வுக்குப் போகிற இடத்தில் எதிரே இருப்பவர் 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று நிறுத்தி நிறுத்தியா கேட்பார்?

பாட்டு தேர்ந்தெடுப்பதில் நான் பட்ட அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு பிரபலமான பாட்டை முழுக்கப் படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டேன். இரண்டாவது சரணத்தில் படுக்கையறை வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். பெண் பிள்ளைகள் தலை குனிந்ததும் பின் பெஞ்சுச் சிரிப்பும் இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் என் மேல் வைத்த நம்பிக்கைக்கு அது ஓர் அடி, அந்த நம்பிக்கை திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு எந்தப் பாட்டானாலும் கடைசி வரி வரை நானே காதால் கேட்டு, கையால் எழுதிப் பார்க்காமல் எடுத்துப் போவதில்லை. கையால் எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு. இணையத்தில் கிடைக்கிற பாட்டு வரிகளில் தவறு நிறைய. அதை அப்படியே பலகையில் எழுதினால் தவறையும் சேர்த்துப் பழக்குவோம். எழுதிய பிறகு பாட்டோடு சேர்ந்து நான் பாடிப் பார்ப்பேன். எனக்கு மூச்சு வாங்கினால் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு வேண்டாம். 2020இல் பிடிஎஸ் என்ற கொரியக் குழு முழுக்க ஆங்கிலத்திலேயே பாடி வெளியிட்ட 'டைனமைட்' எங்கள் பெண் பிள்ளைகளின் உயிர். அதை இன்டர்வெல்லில் போட்டுக் கேட்போம், பாடமாக எடுக்க வேகம் இடம் தராது.

கோடிட்ட இடம் நிரப்புவது எல்லோரும் செய்கிற பயிற்சி. கண்ட சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டால் அது காதுக்கு வைக்கிற பரீட்சையாக மட்டும் முடிந்துவிடும். அந்த வாரம் எந்த இலக்கணமோ, அந்தச் சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள், ஆறு இடத்துக்கு மேல் வேண்டாம்.

யாரையும் தனியாகப் பாடச் சொல்லக்கூடாது. இதை நான் ஒரு பையனிடமிருந்து கற்றேன். முதல் வருடம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன், அடுத்த ஜூனில் வாயே திறக்கவில்லை. குரல் உடைந்திருந்தது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களுக்கு மேல் ஸ்தாயி எட்டாது, எட்டப் பார்த்தால் கீச்சிடும், அந்தக் கூச்சம் அவர்களை ஊமையாக்கிவிடும். அவர்களுக்கு மேசையில் தாளம் கொடுத்தேன். பாட வேண்டாம், தாளத்தோடு சொன்னால் போதும். சொல்லின் எந்த அசை கனமாக விழுகிறதோ அங்கே தட்ட வேண்டும். தமிழில் அநேகமாக எல்லா அசைக்கும் ஒத்த கனம் கொடுப்போம், அதனால் 'கம்-ஃபர்-ட-பிள்' என்று நான்கு செங்கல்லாக அடுக்குகிறோம். ஆங்கிலத்தில் முதல் அசையில் கனம் விழுந்து மற்றவை கரைந்து 'கம்ஃப்டபிள்' ஆகிவிடுகிறது. கை தட்டினால் வாய்க்குப் புரிகிறது. கரோலின் கிரஹாம் என்ற அமெரிக்க ஆசிரியை 1978இலேயே 'ஜாஸ் சான்ட்ஸ்' என்று மெட்டில்லாத தாளப் பயிற்சிகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். எனக்கு அது தெரியவந்தது ரொம்பப் பின்னால். அதன் பிறகு என் வகுப்பின் தாளக்காரர்கள் குரல் உடைந்த பையன்கள்தான்.

இன்னும் எனக்குப் பாட்டு சிக்காத பாடம் செயப்பாட்டு வினை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஆக்டிவ்-பாஸிவ் கேட்பார்கள், அதனால் பிள்ளைகள் அதற்கும் ஒரு பாட்டு கேட்கிறார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன். பாப் பாட்டில் எப்போதும் ஒரு 'நான்' இருக்கிறது, ஒரு 'நீ' இருக்கிறது. நீ போனாய், நான் அழுதேன், நான் காத்திருப்பேன். செய்தவர் யார் என்பதுதான் அங்கே முழுக்கதையும். செயப்பாட்டு வினையிலோ செய்தவரை மறைத்துவிட்டுத்தான் வாக்கியமே தொடங்குகிறது. காதலிக்கிறவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள் போலிருக்கிறது. அதனால் அந்த இரண்டு வாரம் மட்டும் ஸ்பீக்கரைப் பீரோவில் வைத்துவிட்டு, ஆங்கிலச் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். 'வாஸ் அரெஸ்டட்', 'வெர் இன்ஜர்ட்', 'வாஸ் க்ளோஸ்ட்' என்று அங்கே பத்தி பத்தியாகக் கிடைக்கிறது. போன வெள்ளிக்கிழமை அதற்கும் தாளக்காரர்கள் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.